யாரைக் கேட்டு எழுதுனீங்க, டீச்சர்?

கூலாய், ஜொகூர்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் ஷாமளாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் வானிலை அறிக்கைக்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. அங்கே நீயும் ஜீவனும் குட்டி லோஷினியும் சளி காய்ச்சல் இல்லாமல், அந்த அயர்லாந்துக் குளிருக்குக் காதை மூடி கழுத்தை மூடி சுகமாக இருக்க முருகன் துணை இருக்கட்டும். நலம் விசாரித்தாயிற்று, இனி என் கோபத்தைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை நீ போனில் அனுப்பிய மூன்று வரிச் செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. அம்மா தயவுசெய்து என் ஆஸ்பத்திரி வார்டு மேனேஜருக்கு எதுவும் எழுதாதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறாய். அந்தத் தயவுசெய்துவையும் பி, எல், இசட் என்று மூன்று எழுத்தில் முடித்திருக்கிறாய். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவளின் மகள் கெஞ்சும்போதாவது எழுத்தை முழுதாக எழுதக்கூடாதா? அது போகட்டும். உன் அப்பாவின் மூன்றாம் வருடத் திதிக்கு வர இரண்டு தடவை லீவு கேட்டாய், இரண்டு தடவையும் அந்த அம்மாள் இல்லை என்றாள், இரண்டாம் தடவை நீ பரவாயில்லை எனக்குப் புரிகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாய் என்று நீதானே போனில் அழுதாய்? பெற்றவள் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாளா? ஆகவே எழுதிவிட்டேன். இரண்டு பக்கம், மைப்பேனாவில், அடித்தல் திருத்தல் இல்லாமல். தபால்தலையும் ஒட்டியாயிற்று. அனுப்பினேனா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன், நடுவிலேயே கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் உனக்கு உண்டு, பார்க்காதே. அதற்குள் இங்கே மூன்று மாதமாக நடந்ததை நீ முழுதாகக் கேட்க வேண்டும். போனில் சொன்னால் நீ பாதியில் அம்மா டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை சாயங்காலம் நான் பெண்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்துவது உனக்குத் தெரியும். பதினொரு பேர் வருகிறார்கள், எல்லாரும் பேக்டரி வேலை, இளையவளுக்கே முப்பத்திரண்டு வயது. அவர்களில் தனலெட்சுமி என்று ஒருத்தி. செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், நாற்பத்தேழு வயது, பிளாஸ்டிக் பாகங்கள் அச்சில் ஊற்றிச் செய்கிற பேக்டரியில் பத்தொன்பது வருடமாக வேலை. அதே இடத்தில் நின்று அதே மிஷினைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் மேலே போய்விட்டார்கள். சிங்கப்பூர்த் தலைமை அலுவலகத்திலிருந்து புது மேனேஜர் ஒருவர் வந்திருக்கிறார். ஒரு மிஷின் வரிசையை மேற்பார்க்கிற லைன் லீடர் ஆகிறவர்களுக்கு ஆங்கிலம் பேச வரவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். லைனில் நேபாளத்து ஆள் நிற்கிறான், பங்களாதேஷ் ஆள் நிற்கிறான், மியன்மார் ஆள் நிற்கிறான், ஆளுக்கு ஒரு பாஷை, எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரிந்தது ஆங்கிலம்தான் என்கிறாராம். நியாயம்தான், அதில் எனக்குக் குறை இல்லை. நேர்காணலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தனலெட்சுமி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். லீடராக நிற்கிறவர்கள் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய வாக்கியங்களாம். பக்கம் முழுக்க மஸ்ட், ஷுட், கேன், ஹேவ் டு, ஒவ்வொன்றின் பின்னாலும் புட் ஆன், டேக் ஆஃப், டர்ன் ஆஃப், கெட் பேக், ஹேண்ட் ஓவர், ஃபில் இன். யு மஸ்ட் புட் ஆன் யுவர் க்ளவ்ஸ். யு ஷுட் டர்ன் இட் ஆஃப் ஃபர்ஸ்ட். யு கான்ட் லீன் ஓவர் தி பெல்ட். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதுவா ஆங்கிலம்? சந்தையில் மீன்காரனை விரட்டுகிற மாதிரி!

உனக்கு சிஸ்டர் கொலம்பாவைப் பற்றி நூறு தடவை சொல்லியிருப்பேன், நூற்றொன்றாவது தடவையும் கேள். இப்போது நீ இருக்கிற கார்க் நகரத்திலிருந்துதான் கப்பலேறி வந்தவர். கான்வென்ட்டில் எங்களுக்கு அவர்தான் ஆங்கிலம். புட் ஆஃப், கிவ் அப், கெட் ஆன் எல்லாம் அடுப்படிப் பேச்சு, நல்ல குடும்பத்துப் பெண் எதையும் புட் ஆஃப் பண்ணமாட்டாள், போஸ்ட்போன் செய்வாள் என்பார். யாரையும் பார்த்து மஸ்ட் என்று சொல்லக்கூடாது, அது ஜெயிலர் பேச்சு, வுட் யு பீ சோ கைண்ட் என்று தொடங்கினால் எந்தக் கதவும் திறக்கும் என்பார். நான் அப்படியே வளர்ந்தேன், உன்னையும் அப்படியே வளர்த்தேன். ஆகவே தனலெட்சுமியின் தாளை வாங்கி, சிவப்பு மையில் தலைமுதல் கால்வரை திருத்தினேன். புட் ஆனை அடித்தேன், டர்ன் ஆஃபை அடித்தேன், மஸ்ட் இருந்த இடத்திலெல்லாம் வுட் யு கைண்ட்லி போட்டேன். தாளே மிளகாய்த்தூள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. அவள் ஒரு தடவைதான் இழுத்தாள். "டீச்சர், இம்புட்டு நீளமா இருக்கே, மிஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு சொல்லி முடிக்க முடியுமா" என்று கேட்டாள். மரியாதைக்கு நீளம் கிடையாது என்று வாயை அடைத்தேன். அவளும் பாவம், எட்டு வாரம் உட்கார்ந்து அத்தனையையும் மனப்பாடம் செய்தாள். பேக்டரி பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போவாளாம், பக்கத்து சீட்டு மலாய்க்காரப் பெண் மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்து எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாளாம்.

நேர்காணல் முடிந்த சனிக்கிழமை அவள் வந்து சொன்னதை அவள் வாயால் சொன்னபடியே எழுதுகிறேன். "டீச்சர், அந்த சிங்கப்பூர் மேனேஜரு மேசையில ஒரு டப்பாவ வச்சாரு. இதுதான் மிஷினு, நான்தான் புதுசா வந்த ஆளு, கைய உள்ள விட்டுட்டேன், நீ லைன் லீடரு, என்னா சொல்லுவேன்னாரு. நான் எந்திரிச்சி நின்னேன். நீங்க சொல்லிக் குடுத்தமாரியே எக்ஸ்கியூஸ் மீ சார்னு ஆரம்பிச்சி, வுட் யு பீ சோ கைண்ட் ஏஸ் டு வித்ட்ரா யுவர் ஹேண்ட்னு ஒரு வார்த்த விடாம சொல்லி முடிச்சேன். அவரு கடியாரத்த பாத்தாரு. ஆறு செகண்டுன்னாரு. அச்சு மூட மூணு செகண்டுதான், என் கை போயி மூணு செகண்டு ஆச்சுன்னாரு. பக்கத்துல இருந்த ரெண்டு பேரும் சிரிச்சிட்டாங்க டீச்சர்." அந்த வேலை லோகேஸ்வரன் என்பவனுக்குப் போய்விட்டது. இவளுக்கு ஐந்து வருடம் கழித்து வந்தவன். அவனைக் கேட்டபோது ஓய் புல் அவுட் லா என்று கத்தினானாம், அவ்வளவுதானாம் அவனுடைய ஆங்கிலம். மறுநாளிலிருந்து கேன்டீனில் இவளுக்கு மேடம் கைண்ட்லி என்று பெயர். மேடம் கைண்ட்லி, வுட் யு பாஸ் தி சம்பால் என்று மிளகாய்ச் சட்னி கேட்டுக் கேலியாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள், ஆனால் அன்றைக்கு நோட்டைத் திறக்கவே இல்லை.

எனக்கு வந்த கோபத்தை நீ கற்பனை செய்துகொள். இரவு சாப்பாட்டைத் தொடவில்லை, நேரே மேசைக்குப் போனேன். பத்தொன்பது வருடம் உழைத்த ஒரு பெண் மரியாதையாகப் பேசியதற்கு உங்கள் அதிகாரிகள் எந்த உரிமையில் சிரித்தார்கள் என்று தொடங்கி, பண்பாடு என்பது என்ன என்று நடுவில் ஒரு பத்தி, எழுத்தால் பதில் எதிர்பார்க்கிறேன் என்று முடிவு. பேக்டரியின் பெரிய மேனேஜருக்குப் பதிவுத் தபாலில் போட்டேன். தனலெட்சுமியிடம் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. நாற்பது வருடமாக நான் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன், சாக்கடைக்காக நகராட்சிக்கு, தெருவிளக்குக்காக மின்சாரக்காரர்களுக்கு, கோயில் ஒலிபெருக்கிக்காகக் கமிட்டிக்கு. நீ ஆஸ்டலில் இருந்தபோது சோறு வேகவில்லை என்று நீ ஒரு வார்த்தை சொன்னதற்கு வார்டனுக்கு நான்கு பக்கம் எழுதினேன், நீ ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, ஏன் என்று அப்போது நான் கேட்கவுமில்லை. உன் அப்பா பாதிக் கடிதங்களை நானே போட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்புவார். அவற்றில் ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. தபால் இலாகாவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு வேறொரு சந்தேகம் வருகிறது. உனக்கு அது முன்பே தெரியும் என்றும் சந்தேகம் வருகிறது.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை, வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். தனலெட்சுமி வந்தாள். செருப்பைக் கழற்றினாள், உள்ளே வந்தாள், உட்காரவில்லை. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, "யாரைக் கேட்டு எழுதுனீங்க, டீச்சர்?" என்றாள். என்ன தனா என்றேன். "எச்.ஆர். என்னைக் கூப்புட்டு ஒங்க லெட்டர நீட்டுறாங்க. இது யாரு, ஒன் லாயரா, கேஸ் போடப்போறியாங்கறாங்க. நைட் லைன்ல ஒரு லீடர் எடம் காலியாவுது டீச்சர், அடுத்த மாசம் திரும்ப வந்து பாருன்னு அந்த மேனேஜரே எங்கிட்ட சொல்லியிருந்தாரு. வெக்கமா இருந்துச்சு, அதான் ஒங்ககிட்ட சொல்லல. இப்ப புகார் இருக்குது, விசாரணை முடியிற வரைக்கும் இன்டர்வியூ கெடையாதுங்கறாங்க. எத்தன மாசம் ஆவும்னு கேட்டேன், தெரியாதுங்கறாங்க." மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஷாமளா, அந்த நேரத்தில் நான் செய்ததைச் சொல்ல எனக்கே கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் என்னை ஒருத்தி நிற்க வைத்துக் கேட்பதா என்ற ரோஷம் தலைக்கேறிவிட்டது. இது ஆங்கில வகுப்பு, குறை சொல்வதானால் ஆங்கிலத்தில் சொல் என்றேன். அவளால் முடியாது, உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

உட்காரவில்லை. என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, மண்டபத்துக் கடைசிவரை கேட்கிற குரலில் சொன்னாள். டீச்சர், யு கான்ட் ஸ்டெப் இன் லைக் தட். யு ஷுட் ஆஸ்க் மீ ஃபர்ஸ்ட். யு மஸ்ட் டேக் பேக் தி லெட்டர். ஐ கேன் ஸ்டாண்ட் அப் ஃபார் மைசெல்ஃப். ஒரு கைண்ட்லி இல்லை, ஒரு ப்ளீஸ் இல்லை, சாரி டீச்சர் என்கிற வால்கூட இல்லை. நான் சிவப்புப் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதில் பிழை தேடினேன். கோபத்தோடுதான் தேடினேன், எங்காவது ஒன்று கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம் என்று தேடினேன். கிடைக்கவில்லை. நான் எட்டு வாரம் சிவப்பு மையால் அடித்துத் தள்ளிய அதே சொற்கள். அவள் ஒன்றைக்கூட மறக்கவில்லை, என் திருத்தத்தோடு சேர்த்து அவற்றையும் எங்கோ ஓரமாக வைத்திருந்திருக்கிறாள். வகுப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நன்றி கெட்டவள் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்தும் திட்டினேன். மீன்குழம்பு கரிந்துவிட்டது, அதற்கும் அவளையே திட்டினேன்.

இரண்டு நாள் அப்படிப் போனது. திங்கட்கிழமை சாயங்காலம் அவளே மோட்டார் சைக்கிளில் வந்து கேட்டில் நின்றாள். கையில் பலகாரம் ஒன்றும் இல்லை, சமாதானம் பேச வரவில்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது. "லெட்டர திரும்ப எடுத்துக்கறேன்னு ஒரு லெட்டர் வேணும் டீச்சர்" என்றாள். உள்ளே வா, எழுதுகிறேன் என்றேன். "நீங்க எழுதுங்க. ஆனா நான் சொல்றத எழுதுங்க" என்றாள். இந்த வீட்டில், என் மேசையில், என் பேனாவுக்கு இன்னொருத்தி வார்த்தை சொல்வதா! இருந்தாலும் எழுதினேன். ஐ டேக் பேக் மை லெட்டர். தனலெட்சுமி டிட் நாட் ஆஸ்க் மீ டு ரைட் இட். ப்ளீஸ் கேரி ஆன் வித் ஹெர் இன்டர்வியூ. மூன்றே வரி. வித்ட்ரா என்று போட என் விரல் எப்படித் துடித்தது என்பது கடவுளுக்குத்தான் தெரியும், ப்ரொசீட் என்று போடவும் துடித்தது. அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தவள், வாசல்வரை போய்த் திரும்பி நின்று சொன்னாள். "போன வருசம் எங்க லைன்ல ஒரு நேபாளத்துக்காரருக்கு ரெண்டு வெரல் போச்சு டீச்சர். கல்யாணமாயி ஏழு மாசம். நான் அடுத்த மிஷின்லதான் நின்னேன். கை உள்ள போறத பாத்தேன். கைய எடுப்பா கைய எடுப்பான்னு கத்துனேன். தமிழ்ல கத்துறேன், அவரு என்னைத் திரும்பிப் பாத்து சிரிக்கறாரு, ஏதோ பேசறேன்னு நெனச்சி. அதுக்கப்புறம்தான் ஒங்க வகுப்புல வந்து சேந்தேன். லீடர் ஆவணும்னு இல்ல." அவ்வளவுதான் சொன்னாள். மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வகுப்பு நோட்டுக்குள் என்னிடமே இருந்த அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். யு மஸ்ட் டேக் யுவர் ஹேண்ட் அவுட் என்று ஒரு வரி. அதன்மேல் என் சிவப்புக் கோடு, நேராக, அழகாக, ஸ்கேல் வைத்துப் போட்டது. பக்கத்தில் என் எழுத்தில் வுட் யு பீ சோ கைண்ட். அவள் ஏன் ஆங்கிலம் படிக்க வந்தாள் என்று நான் ஒரு வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, ஷாமளா. எல்லாரிடமும் எழுத்தால் பதில் எதிர்பார்க்கிற நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. சிஸ்டர் கொலம்பா மேல் முதல் தடவையாகக் கோபம் வந்தது. அவர் கற்றுக்கொடுத்தது நல்ல பாடம்தான், ஆனால் அவருக்கு முன்னால் இருந்த நாங்கள் மேசை விரிப்புக்குப் பூ தைத்துக்கொண்டிருந்த பெண்கள். எங்கள் கை எதிலும் சிக்குகிற நிலையில் இல்லை. அதை அவர் யோசிக்கவில்லை என்றால் அது அவர் குற்றம் இல்லை, முப்பத்தொரு வருடம் பாடம் நடத்திய நான் யோசிக்கவில்லை என்றால் அது யார் குற்றம்?

பத்து வருடத்துக்கு முன்னால் நீ ஒரு புத்தகம் வாங்கி அனுப்பினாய், நினைவிருக்கிறதா? மஸ்ட், ஷுட், கேன் எல்லாவற்றையும் இந்த இரட்டைச் சொற்களோடு சேர்த்துப் பழக்குகிற புத்தகம். அம்மா இங்கே வார்டில் எல்லாரும் இப்படித்தான் பேசுகிறார்கள், எனக்கு முதலில் பாதி புரியவே இல்லை, உங்கள் மாணவிகளுக்கு உதவும் என்று எழுதியிருந்தாய். அடுப்படிப் பேச்சுக்கு ஒரு புத்தகமா என்று உன்னை அன்றைக்கு ஒரு பாட்டம் திட்டினேன். அதைத் தூக்கிப் போட மனம் வராமல் ஆடுகிற ஃப்ரிட்ஜ் காலுக்கு அடியில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை ராத்திரியே குனிந்து இழுத்து எடுத்தேன், அட்டையில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கிறது, உள்ளே எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஃப்ரிட்ஜ் இப்போது ஆடுகிறது, ஆடட்டும்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். நான் மேசையில் ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்து அதற்குள் கையை விட்டேன். மூன்று செகண்டு, அதற்குள் என் கை வெளியே வரவேண்டும் என்றேன். முதலில் எல்லாரும் சிரித்தார்கள், யு மஸ்ட் டேக் இட் அவுட் என்று கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற மாதிரி இழுத்தார்கள். போதாது என்றேன். முதலில் ஒரே சொல், ஸ்டாப். பிறகு கெட் பேக். கை வெளியே வந்த பிறகுதான் யு மஸ்ட், யு கான்ட் எல்லாம். தனலெட்சுமி கடைசி வரிசையிலிருந்து ஒன்று போட்டாள் பார், மண்டபத்துப் புறாவெல்லாம் பறந்துவிட்டது. கமிட்டித் தலைவர் ரூபேந்திரன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "என்னா டீச்சர், சண்டையா? கோயில்ல இப்படிச் சத்தம் போட்டா எப்படி டீச்சர்" என்றார். நீங்கள் விடிகாலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் போடுவது என்ன, தாலாட்டா என்று கேட்டேன். பதினொரு பேரும் கை தட்டினார்கள். அவர் போய்விட்டார். அவருக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது, விட்டுவிட்டேன்.

போன வியாழக்கிழமை அவளுடைய நேர்காணல் நடந்தது. அதே மேனேஜர், அதே டப்பா, அதே கேள்வி. நேற்று வகுப்புக்கு வந்து சொன்னாள். "அவரு கைய உள்ள விட்டாரு டீச்சர். நான் எந்திரிக்கவே இல்ல. மேசைய ஒரு தட்டு தட்டி ஸ்டாப்னு போட்டேன். அலமாக், அந்த ஆளு நெசமாவே கைய வெடுக்குன்னு இழுத்துக்கிட்டாரு! டப்பா கீழ விழுந்து உருண்டு ஓடுது. அப்புறந்தான் சொன்னேன், யு மஸ்ட் டர்ன் இட் ஆஃப் பிஃபோர் யு ரீச் இன், சார்னு." சிரித்தவர்கள் இரண்டு பேரும் இந்தத் தடவை சிரிக்கவில்லையாம். ஒன்றாம் தேதியிலிருந்து நைட் லைனுக்கு அவள் லீடர், மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த மூன்று மாதம் எதற்கு, பத்தொன்பது வருடம் பார்த்தது போதாதா என்று எனக்கு இன்னும் எரிகிறது. முதல் தடவை சிரித்ததும் தப்புத்தான், அதையும் நான் விடவில்லை. ஆனால் அதைக் கேட்கவேண்டியது அவள், எப்போது கேட்பது என்று அவளுக்குத் தெரியும் என்று என் வாயை நானே மூடிக்கொண்டேன். நேற்று அவள் கொண்டுவந்த கேசரியில் சர்க்கரை அதிகம், அதை மட்டும் சொன்னேன்.

இப்போது உன் விஷயம். உன் வார்டு மேனேஜருக்கு நான் எழுதிய கடிதத்தை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. அதன் உறையிலிருந்து தபால்தலையை ஆவி காட்டி உரித்து, இந்த உறையில் ஒட்டியிருக்கிறேன். உன் லீவை நீயே போய்க் கேள். நீ அங்கே ராத்திரி பகலாக யாருடைய உயிரையெல்லாமோ பிடித்து நிறுத்துகிறாய், உன் அப்பா திதிக்குப் பத்து நாள் கேட்க உனக்கு ஏன் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று செவ்வாய்க்கிழமை முழுக்க உன்மேல் ஆத்திரப்பட்டேன். அந்த நாக்கில் பரவாயில்லை, எனக்குப் புரிகிறது, உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் என்பதையெல்லாம் தடவி வளர்த்தது யார் என்று இப்போது தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம். ஆகவே அந்த அம்மாளிடம் போகும்போது மன்னிக்கவும் என்று தொடங்காதே. என்ன தேதி, எத்தனை நாள், எதற்காக என்று சொல், சொல்லிவிட்டு நில். அவள் பதில் சொல்லும்வரை நில். அப்போதும் இல்லை என்றால் என்ன செய்வது என்பது உன் யோசனை. நான் எழுதவேண்டும் என்று நீ கேட்டால் எழுதுகிறேன், நீ சொல்லுகிற வார்த்தையை எழுதுகிறேன். கேட்காவிட்டால் எழுதமாட்டேன். வர முடியாமல் போனாலும் உன் அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார், அவர் என்றைக்குக் கோபித்தார், அந்தத் துறை முழுக்க என்னிடம்தானே இருந்தது.

லோஷினியைத் தினமும் பத்து நிமிடம் தமிழ் எழுதவை, போன மாதம் அவள் அனுப்பிய அட்டையில் அம்மாச்சிக்கு ச் ஒன்று குறைந்திருந்தது. ஜீவனை இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தவேண்டாம் என்று சொல். நீ மதியம் சாப்பாட்டைத் தவறவிடாதே. கைநிறைய வேலையும் மனம் நிறைய அமைதியுமாக, யாருக்கும் பயப்படாமல், மூன்று பேரும் நீடு வாழ அம்மாவின் ஆசி என்றும் உண்டு. திதி ஆவணி எட்டாம் தேதி வருகிறது, இன்னும் ஒன்பது வாரம், நாள்காட்டியில் குறித்துக்கொள்.

உள்ளே இருக்கும் கடிதத்தை நீ கிழித்துப் போடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை படி. நன்றாக எழுதியிருக்கிறேன்.

உன் அம்மா,
சந்திரமதி